பிட்சர் சாரின் வெற்றி விகிதம்

காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், பேஸ்பால் கேட்டுக்கொண்டே மனிதர்களிடம் ரத்தம் எடுத்த இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

தில்லை நகரில் ஒரு லேபில் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க அவர்தான் அங்கே ரத்தம் எடுப்பவர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் பிட்சர் சார். அமெரிக்காவில் சாயங்கால ஆட்டம் நடக்கும்போது நமக்கு விடிகாலை. லேப் திறக்கிற நேரமும் அதுதான். ஒரு காதில் இயர்போன், கையில் ஊசி.

"என்ன பிக்சர் ஓடுது தம்பி?" என்று ஒரு அம்மா தெரியாமல் கேட்டுவிட்டார். "பிக்சர் இல்லீங்க, பிட்சர். பந்து போடுறவரு" என்று ஆரம்பித்தவர், அந்த அம்மா ஆட்டோ ஏறும்வரை பின்னாலேயே போய் விளக்கினார்.

அவருக்கு ஆட்டம்கூட இரண்டாம்பட்சம். பிட்சர்களின் வாழ்நாள் வெற்றி விகிதம்தான் உயிர்.

"கிரிக்கெட்ல தோத்தா டீம் தோத்துச்சும்பாங்க மேடம். இங்க பிட்சர் பேர்லயே எழுதிடுவாங்க, இவரு ஜெயிச்சாரு, அவரு தோத்தாருன்னு. ஜெயிச்சதை, ஜெயிச்சது தோத்தது ரெண்டோட மொத்தத்தால வகுக்கணும். அந்த லிஸ்ட்ல உச்சியில இருக்கறவங்கதான் மனுஷங்க."

"அப்ப மத்தவங்க?"

"பந்து பொறுக்குறவங்க."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தனக்கும் ஒரு நோட்டு போட்டார். முதல் குத்திலேயே ரத்தம் வந்தால் வெற்றி, இரண்டாவது குத்து தேவைப்பட்டால் தோல்வி. மூன்று தசமத்துக்கு வகுத்து, தினமும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகி வைப்பார். குத்துவதற்கு முன் பிட்சர் மாதிரி இடது காலை மார்பு வரை தூக்கி இறக்குவார். அதைப் பார்த்துப் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் ஏறும். நரம்பு தானாகவே புடைக்கும்.

நரம்பு தெரியாத கை வந்தால் மட்டும் ஆள் மாயமாகிவிடுவார். "பிட்சரை மாத்துங்க மேடம்" என்று காதோரம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அந்தக் கைகளெல்லாம் பாவம், அவருக்கு உதவியாக இருந்த ஸ்டெல்லாவுக்கு.

அந்த ஸ்டெல்லா கல்யாணத்துக்காக லீவு போட்ட வாரத்தில்தான் வினை வந்தது. ஸ்ரீரங்கத்தில் என் எதிர்வீட்டு மாமா, ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். ஒரு வாரமாகக் காய்ச்சல். ரத்தம் பார்க்காமல் மருந்தை மாற்றமுடியாது என்று புத்தூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமாவோ, முன்பு ஸ்டெல்லா மூன்று தடவை குத்தியதிலிருந்து ஊசி என்றாலே கதவைச் சாத்துகிறவர். மாமி போனில் அழுதாள். பிட்சர் சாரைக் கூப்பிட்டேன்.

"என் ரெக்கார்டு போயிடும் மேடம்."

"மாமாவே போயிடுவார் சார்!"

என் ஸ்கூட்டியில் ஏற்றி, பாலம் தாண்டி அழைத்துப் போனேன்.

மாமா போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "வாங்கோ. உம்ம யோக்யதை என்ன?"

பிட்சர் சார் பெருமையாக நோட்டை நீட்டினார். மாமாவுக்குக் காய்ச்சலிலும் கணக்கு என்றால் கண் திறக்கும். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"வகுத்தல் சரி. ஆனா ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு வந்துதே, அன்னிக்கு நீர் எங்கே போனீர்?"

"டீ குடிக்க..."

"நரம்பு தெரியாதவா வந்தா எப்பவும் டீயா?"

பிட்சர் சார் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓடிப்போனதை எழுதாம வகுத்தா, யாருக்குத்தான் ஓய் விகிதம் ஏறாது?"

பிட்சர் சார் முகம் வாடிப்போனது. காலைக்கூடத் தூக்காமல் குத்தினார். ரத்தம் வரவில்லை. நோட்டை எடுத்து, என் கண் முன்னாலேயே, தோல்வி என்று எழுதினார்.

"இன்னொரு தரம் பாக்கட்டுங்களா, சார்?"

மாமா அவர் முகத்தையே பார்த்துவிட்டு, மறு கையை நீட்டினார். வைராக்கியத்தில் பிட்சர் சார் இந்தத் தடவை காலை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்க, அது ஸ்டூலில் பட்டு, ஸ்டூல் மேலிருந்த ரசம் சாதம் பறந்து மாமாவின் முழங்கையில் இறங்கியது. மாமி வெந்நீர்த் துணியோடு ஓடிவந்து அந்தக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாள். மாமா சிரிக்க ஆரம்பித்தார். இருமி, கண்ணீர் வழிய, கட்டில் ஆடச் சிரித்தார். சூட்டில் ஒரு நரம்பு மெல்லத் தலைகாட்டியது.

சிரித்து முடித்துவிட்டு மாமா கேட்டார்: "ஆகட்டும், எப்போ குத்தப்போறீர்?"

பிட்சர் சார் நிரம்பிய ரத்தக் குழாயைக் காட்டினார்.

அன்று டைபாய்டு என்று தெரிந்தது. சரியான மருந்து போய், பத்து நாளில் மாமா எழுந்து நடமாடினார். பிட்சர் சார் நோட்டில் தான் ஓடிப்போன கைகளையெல்லாம் ஞாபகத்திலிருந்து தோல்விப் பக்கம் எழுதினார். விகிதம் படுத்துவிட்டது. அதன் பிறகு குண்டுக் கை, குழந்தைக் கை, கீமோ முடிந்து வந்த கை, எது வந்தாலும் "இப்படி அனுப்புங்க மேடம்" என்பார்.

இப்போது அவர், திண்டுக்கல் போகிற வழியில் இருக்கும் சொந்த ஊரான வையம்பட்டியில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறார். போன மாதம் டாக்டர் எனக்குச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். என் தெருவிலேயே இரண்டு லேப் இருக்கின்றன. நான் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திண்டுக்கல் பஸ் ஏறினேன்.