இருபது டாலருக்குள் ஒரு காவல்

"இன்னொரு அம்மா போன் பண்றாங்க. உன் இணையதளம் திறக்கலையாம்," என்றான் ஆர்விட், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

அவன் மனைவி மார்லிஸ் பல்லைக் கடித்தாள். டுலூத் நகரில் முதல் பனி விழுந்துவிட்டது. அவள் பின்னும் கம்பளிக் கையுறைகள் அந்தத் தளத்தில் விற்பதே இனிவரும் ஆறு வாரத்தில்தான். தளம் எப்போது முடங்கிப் படுக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு கண்காணிப்புச் சேவை வேண்டும். மாதம் இருபது டாலரைத் தாண்டக் கூடாது.

முதலில் இலவசமாக ஒன்றைப் போட்டாள். 'தளம் படுத்தது', 'தளம் எழுந்தது' என்று கைபேசி நிமிடத்துக்கு ஒரு தரம் அலறியது. நம்பாமல் பன்னிரண்டு டாலருக்கு இன்னொன்றைப் போட்டாள். அது எல்லாம் சுகம் என்றது.

"ஒண்ணு செத்துடுச்சுங்குது, இன்னொண்ணு ஓடுதுங்குது! நான் எதை நம்ப?"

"மூணாவதா ஒண்ணைக் கேளேன்," என்றான் ஆர்விட்.

மூன்றாவது, இருபது நகரங்களிலிருந்து நொடிக்கொரு தரம் தளத்தைத் தட்டிப் பார்த்தது. மதியத்துக்குள் தளம் ஒரேயடியாக மூடிக்கொண்டது. தளத்தைத் தன் கணினிகளில் ஏற்றி வைத்திருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டாள்.

"யாரோ விடாம தட்டினாங்க மேடம். தாக்குதல்னு நினைச்சு நாங்கதான் மூடிட்டோம்."

"அது நான் வெச்ச காவல்யா!"

"அப்ப விசாரிச்சுத் திறக்க ஒரு வாரம் ஆகும் மேடம்."

அந்த வாரம் அவள் அனுப்பாத விண்ணப்பம் இல்லை. ஆர்விட் கோடையில் சுற்றுலாப் படகு ஓட்டுபவன். குளிர்காலத்தில் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டான். போனும் கையுமாகவே திரிந்தான்.

"மார்லிஸ், மில்வாக்கியிலேர்ந்து ஒரு அம்மா..."

"நீயே பேசி, நீயே ஆர்டர் எழுதி அனுப்பிக்கோ! என்னை இழுக்காதே!"

கடைசியில் தளம் திறந்தது. மூன்று சேவைகளையும் விரட்டிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மட்டும் எட்டிப் பார்க்கும் ஒன்பது டாலர் சேவை ஒன்றைப் பிடித்தாள். போன் ஓய்ந்தது. வீடு அமைதியானது.

மூன்றாம் நாள் தபால்காரி ரோஷெல் கதவைத் தட்டினாள். மார்லிஸ் பெருமையோடு காவல் சேவையின் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"பாரு, மூணு நாளா ஒரே பச்சை! ஒரு நொடிகூட விழல!"

ரோஷெல் காலியாகக் கிடந்த பார்சல் மேசையைப் பார்த்தாள்.

"அதான் மூணு நாளா ஒரு பார்சல்கூட இல்லையா? தளம் மூடிக் கிடந்த வாரம் ஆர்விட் போன்லயே வித்ததைத் தூக்கித்தானே என் இடுப்பு போச்சு!"