இயக்கத் தலைவர் வருகிறார்

தமிழில் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும், கூட்ட அறிவித்தல் எழுதுகிறவனுக்கு அதில் ஒன்றுதான் தெரிந்திருக்கும். மற்றவை எல்லாம் தொலைபேசியில் தெரியவரும்.

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் தனி ஆளாக ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தேன். வேலை, சோறு, தூக்கம். வாய் திறந்து கதைக்க ஆளில்லாமல் தமிழ் வாசகர் வட்டம் ஒன்றில் சேர்ந்தேன். வேறு எவரும் கை தூக்காததால் செயலாளரும் ஆனேன். (அதன் பிறகு என் நடையே மாறிவிட்டதாகச் சொன்னார்கள்.)

கீழ் மாடியில் ஐசாக் இருந்தார். எழுபதைத் தாண்டிய யூதர், ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். நோர்வேயில் சியோனிச இயக்கத்துக்கு, அதாவது யூதர்களுக்கென்று ஒரு நாடு என்ற இயக்கத்துக்கு, நெடுங்காலம் தலைவராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், மகள் டெல் அவிவில். படிக்கட்டில் கண்டால் என்னை நிறுத்தி வானிலை பற்றிக் கதைப்பார். மழையைப் பற்றி ஒருவர் அவ்வளவு நேரம் கதைப்பதென்றால் அவருக்கும் ஆளில்லை என்று விளங்கியது. எங்கள் வட்டத்தில் வந்து உங்கள் வாழ்க்கையைச் சொல்வீர்களா என்று கேட்டேன். மறுநாளே தலைமுடி வெட்டிக்கொண்டு வந்து நின்றார்.

உற்சாகத்தில் வைபர் குழுவில் அறிவித்தல் போட்டேன்: ‘இயக்கத் தலைவர் ஒருவர் நேரில் தோன்றித் தன் வாழ்க்கை அனுபவங்களைப் பகிர்கிறார். அனைவரும் வருக.’

(யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன், ‘இயக்கம்’ என்றால் எங்கள் சனத்துக்கு ஆயுதம் தூக்கிய இயக்கங்கள்தான் நினைவு வரும் என்று யோசிக்காமல் இப்படி எழுதியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.)

கொஞ்ச நேரத்தில் வட்டத்தின் தலைவர் செல்வம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, எந்த இயக்கம்?”

“சியோனிச இயக்கம் அண்ணை.”

அந்தப் பக்கம் அண்ணை பழைய இயக்கங்களின் பேர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்தார்.

“அப்பிடி ஒண்டு எங்கடை பக்கம் இருந்ததோ?”

அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் குழுவில் தீப் பற்றிவிட்டது. வந்தால் இன்னாருடைய ஆள் என்று பேர் வரும் என ஒரு பகுதி ஒதுங்கியது. மற்றப் பகுதியும் அதே காரணத்துக்காக ஒதுங்கியது. நான் அவசரமாகத் திருத்தம் போட்டேன்: ‘தலைவர் யூதர். இயக்கம் சியோனிச இயக்கம்.’ மிஞ்சியிருந்தவர்களையும் அது கலைத்தது. பாலஸ்தீனச் சனம் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு இப்படியானவரைக் கூப்பிடலாமா என்று சிலர் கேட்டார்கள். நாடு எடுத்தவர்களிடம் கேட்டுப் படித்தால் என்ன என்று வேறு சிலர். இரண்டு பகுதியும் இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டு, இரண்டுமே வராமல் விட்டன. செல்வம் அண்ணைக்குக் காய்ச்சல்.

கூட்டத்துக்கு முதலில் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் கேட்டிருந்தேன். அது தன் ஓய்வுநாள் என்றார் ஐசாக். ஞாயிறு பின்னேரம் என்று ஒப்புக்கொண்டோம். அன்று கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். மண்டபம் நிறையக் கதிரை போட்டிருந்தேன். மேசையில் ஒரு மலை ஆட்டிறைச்சி ரோல்ஸ். (அவர் சமய முறைப்படி வெட்டிய இறைச்சி மட்டும்தான் சாப்பிடுவார் என்று அங்கேதான் அறிந்தேன். அந்த மலையைப் பிறகு நான் தனியாக ஏறி முடித்தேன்.)

காத்திருந்தோம். கடைசியில் கதவு திறந்தது. முதுகுப்பையோடு ஒரு பெடியன் போல இருந்தவர் எட்டிப் பார்த்தார். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக்.

“சார், டைரக்டர் வந்துட்டாரா?”

“எந்த டைரக்டர்?”

“முதல் மெசேஜ்ல இயக்கம்னு போட்டிருந்துச்சே சார், அப்புறம் வந்த சண்டையை நான் படிக்கல. டைரக்டர்ஸ் சங்கத் தலைவர்னு நினைச்சேன்.”

உண்மையைச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், ரோல்ஸைப் பார்த்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஐசாக் நிறைந்த சபைக்குப் பேசுவதுபோல ஒலிவாங்கியில் நோர்வே மொழியில் பேசினார். நான் வசனம் வசனமாக, தொண்டை கட்ட, ஒரு கார்த்திக்குக்கும் ஒரு மண்டபம் கதிரைக்கும் மொழிபெயர்த்தேன். உலக யுத்தத்தில் நாஜிகளுக்குத் தப்பி ஓடிய பெற்றோருக்கு சுவீடனில் பிறந்தார். திரும்பி வந்தபோது ஒஸ்லோவில் சொந்தம் என்று எவரும் மிஞ்சவில்லை. இளைஞராக இயக்கத்தில் சேர்ந்து, யூத நாட்டுக்குப் போய்க் குடியேறுங்கள் என்று ஊர் ஊராகப் பேசி, தலைவரானார். பிறகு அங்கே நடக்கும் சில காரியங்கள் பிழை என்று பத்திரிகையில் எழுதினார். எழுதியதற்காக இயக்கத்தில் பாதிப்பேர் அவரோடு கதைப்பதை விட்டார்கள். எழுதிய பிறகும் இயக்கத்தை விட்டுப் போகாததற்காகப் பத்திரிகைக்காரர்களும் விட்டார்கள்.

கேள்வி உண்டா என்று சபையைக் கேட்டேன். சபை கை தூக்கியது.

“எல்லாரையும் அங்க போகச் சொன்னீங்க. நீங்க ஏன் சார் போகல?”

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். ஐசாக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவர் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன்:

“எனக்கு எழுத வேறை பாஷை வராது. அங்கை போனால் நான் ஒரு ஊமைக் கிழவன்.”

கார்த்திக் நல்ல ஆங்கிலத்தில், தன் அம்மா தினமும் எப்போது திரும்பி வருவாய் என்று கேட்பதையும், பதில் சொல்லத் தெரியாமல் இருப்பதையும் சொன்னார். ஐசாக் அதைவிட நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். ஒலிவாங்கியும் கையுமாக நான் நின்றேன். நான் எவருக்கும் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

கதிரைகளை அடுக்கும்போது ஐசாக் மெதுவாகக் கேட்டார், தன்னால்தானே ஒருவரும் வரவில்லை என்று. பனி என்றேன். அவர் யன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்தியது. வேறு வழியின்றி இரண்டு அறிவித்தல்களையும் அவற்றால் வந்த வினையையும் சொன்னேன். ‘இயக்கம்’ என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, அந்த வெறும் மண்டபத்தில் எதிரொலிக்கும்படி சிரித்தார். தங்கள் ஆட்களும் இப்படித்தான் என்றார்.

அடுத்த வருடம் முழங்கால் விட்டுப்போக, மகள் வந்து அவரை டெல் அவிவுக்கே கூட்டிப்போனாள். எனக்குக் கலியாணமாகி, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடும் பிள்ளைகளும் வந்துவிட்டன. ஐசாக் இன்றும் ஞாயிறுகளில் எடுக்கிறார். ஒஸ்லோப் பத்திரிகைகளை அங்கிருந்து படித்துவிட்டு, அவற்றின் பிழைகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்பதுபோல மணிக்கணக்கில் திட்டுகிறார். நோர்வே மொழியில் திட்ட அங்கே அவருக்கு ஒருவரும் இல்லை. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

தொலைபேசி அடித்ததும் மனைவி குசினியிலிருந்து சொல்லுவாள்:

“உங்கடை இயக்கத் தலைவர் எடுக்கிறார். போய்ப் பேச்சு வாங்குங்கோ.”