ஆந்தை டாக்டரின் நல்ல கொழுப்பு

ஒரு காட்டில், பனிக்காற்று தொடங்கிய வாரம், ஆலமரப் பொந்து கிளினிக்கில் அந்தி நேரத்தில் கூடியிருந்தவர்கள்: ஆந்தை டாக்டர் ஒருவர், டோக்கன் கொடுக்கும் மரங்கொத்தி ஒன்று, எலிகள் ஏழு. ஓர் ஆமையும் இருந்தது. அது இளைப்பாற வந்தது, கணக்கில் சேராது.

ஏழு எலிகளுக்கும் ஒரே புகார், தோல் வறட்சி. கடைசி டோக்கன் கோமளத்துடையது. மாசியில் அவளுக்குக் கல்யாணம். பார்க்க வந்த மாமியார், பெண் லட்சணம்தான், தோல்தான் கருவாடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

டாக்டர் தம் சிறகடியைச் சொறிந்துகொண்டே விளக்கினார். மேலே தடவிப் பயனில்லை. நல்ல கொழுப்பு உள்ளே போக வேண்டும். எள்ளும் நிலக்கடலையும் தினம் தின்றால் ஒரு மாதத்தில் சருமம் மின்னும். பஜ்ஜி, போண்டா மட்டும் கூடாது. அது தமக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார்.

"நீங்களும் கடலைதான் சாப்பிடுறீங்களா டாக்டரய்யா?" என்று கேட்டாள் பட்டம்மாள் என்ற எலி.

"அதேதான் அம்மா. நேராகத் தின்றால் எனக்குச் செரிக்காது."

ஆறு எலிகள் சொன்னபடி தின்றன. கோமளத்துக்கு மனம் வரவில்லை. கிடைத்ததை வளையில் சேர்ப்பதுதானே எலிக்குல வழக்கம். வாங்கிய கடலை முழுவதையும் கல்யாணச் சீருக்கென்று அடுக்கி வைத்தாள்.

மறுமாதம் எல்லாரையும் திரும்ப வரச் சொல்லியிருந்தார். ஆறும் எண்ணெய் பூசிய புளியங்கொட்டை போல மினுங்கின. "இன்னும் கருவாடுதானாடி?" என்று கேட்டுவிட்டுப் பட்டம்மாள் முதல் ஆளாக உள்ளே போனாள். பின்னாலேயே மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் வெளியே வரவில்லை. கொல்லைப்பக்கம் வழி இருக்கும் என்று கோமளம் நினைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. டாக்டர் நிதானமாக ஏப்பம் விட்டார். அவருடைய இறகெல்லாம் பளபளத்தது, சொறிச்சலைக் காணோம். அவள் முதுகைக் கிள்ளிப் பார்த்து முகம் சுளித்தார்.

"சொன்னதைக் கேட்காதவளுக்கு நான் என்ன செய்வது? போ. ஒழுங்காகத் தின்றுவிட்டு அடுத்த மாதம் வா."

கோமளம் வெட்கத்தில் அழுதுகொண்டே வளைக்குத் திரும்பினாள். இனி டாக்டர் பேச்சைத் தட்டுவதில்லை என்று, சீருக்கு வைத்த கடலையை அன்றே உடைக்கத் தொடங்கினாள்.

நீதி: டாக்டர் சொன்னபடி தின்றால் சருமம் கட்டாயம் மின்னும், யாருடைய சருமம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மீதி: எலி ஒன்று.