நூற்று நாற்பத்தெட்டில் வாசித்த செய்தி

எனக்குத் துணிச்சல் அதிகம் என்று ஊடகக் கற்கைநெறியில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரிடமும் அளந்து வைத்திருந்தேன். அது பொய் என்பதை நேரலையில் எண்ணோடு நிரூபித்த ஒரே மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், மூன்றாம் மாடியில் எங்கள் பயிற்சிக்கூடம். இறுதிச் செயற்றிட்டத்துக்கு நானும் பர்ஸானாவும் ஒரு குழு. யோசனை அவளுடையது: செய்தி வாசிப்பவர் ஸ்மார்ட் கடிகாரம் கட்டியிருப்பார், அவருடைய இதயத்துடிப்பு திரையின் மூலையில் ஓடும். நேரலைப் பதற்றம் எப்படிப்பட்டது என்று பார்ப்பவர்களுக்கும் தெரியும். புள்ளி இருவருக்கும் ஒன்றுதான். சொதப்பினால் இன்னொரு வருடம். தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவளுக்கு, அந்த இன்னொரு வருடத்துக்கு வீட்டில் அனுமதி இல்லை.

கடிகாரத்தைத் தயார்செய்யும் பொறுப்பு எனக்கு. அது கேட்டதற்கெல்லாம் வாசிக்காமலே 'ஆம்' அழுத்தினேன். (நீங்கள் மட்டும் வாசித்தா அழுத்துகிறீர்கள்?) அவசரத் தொடர்புக்கு ஓர் இலக்கம் கேட்டது. எனக்கு மனப்பாடமாக இருந்தது அம்மாவுடையது மட்டும்தான்.

"பயப்புடாதடா, எல்லாம் சரியா ஈக்கி" என்றாள் பர்ஸானா, கமராவுக்குப் பின்னால் நின்று.

வணக்கம் சொன்னேன். மூலையில் 120. தலைப்புச் செய்தியில் 148. உடம்போ கற்சிலை, அசையாமல் வாசிப்பதுதான் கம்பீரம் என்று எனக்கு நானே பாடம் நடத்தியிருந்தேன். ஆள் அசையவில்லை, துடிப்போ பறக்கிறது. கடிகாரம் தன் புத்திக்கு எட்டிய முடிவுக்கு வந்து அம்மாவுக்குத் தகவல் அனுப்பிவிட்டது: உங்கள் மகனுக்கு உயிராபத்து.

எங்கள் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். நான் வானிலைக்கு வருவதற்குள் கதவு திறந்தது. ஹவுஸ்கோட்டோடு அம்மா, கையில் திருநீற்றுப் பொட்டலம்.

"எங்கயடா நோகுது?"

நேராகக் கமராவுக்கு முன் வந்து, பவுடர் பூசிய நெற்றியில் திருநீற்றை அப்பி, என் கையை இறுகப் பிடித்தார். "வாயைத் திறந்து சொல்லு."

"மேல் மாகாணத்தில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பர்ஸானா ஒளிபரப்பை நிறுத்தப் பாய்ந்தாள். புள்ளி போட ஓரமாக உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் தடுத்து, திரையின் மூலையைக் காட்டினார். 148 இப்போது 130. பிறகு 104. அம்மா கையை விடவில்லை. நான் 86இல் விடைபெற்றேன். அம்மாவும் கமராவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கருவி வேலை செய்யுது எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று விரிவுரையாளர் எங்களைச் சித்தியடைய வைத்தார். பர்ஸானா அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். (என்னை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.)

அன்று அந்தக் கை வந்திராவிட்டால் நாங்கள் இருவரும் கரைசேர்ந்திருக்க மாட்டோம். இன்று நான் சம்பளத்துக்கே செய்தி வாசிக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அடக்கமாகத்தான் தொடங்குவார்:

"நான் ஒருக்காத்தான் நியூஸில வந்தனான். அண்டைக்கு இவனும் பக்கத்தில இருந்தவன்."

நான் மறுப்பதில்லை.