சும்மா வந்த மூட்டை

செஞ்சிக் கடைத்தெருவில் பச்சைமுத்து பேரம் பேச நின்றால் கடைக்காரனுக்குக் காய்ச்சல் வரும். கொசுறு கேட்பான், கொசுறுக்கும் கொசுறு கேட்பான். அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டி ஞானம்பாளிடம் மட்டும் ஒரு பேரத்திலும் கெலித்ததில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப் போனான். இந்தப் போகத்தில் விடுவதில்லை என்று சபதம் போட்டான்.

கிராமசேவக் விநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்தது வினை. சர்க்காரின் புதுக் குட்டை நெல்லை விவசாயி வயலிலேயே போட்டுப் பார்க்க வேண்டுமாம். விதை சும்மா. சீமை உரம் சும்மா. ஞானம்பாள் தலையாட்டிவிட்டாள். கிணற்றடி வயல் இரண்டாய்ப் பிரிந்தது: பச்சைமுத்துவுக்கு வாடன் சம்பா, அவளுக்குக் குட்டை நெல்.

"நம்ம வாடன் சம்பா ஆள் உசரம் நிக்கும். இது இன்னாமே, கோழி எட்டிக் கொத்தும்!"

"உசரத்தையா வடிச்சித் துன்னப் போறே? உன் பாதிக்கு வழக்கம்போல எரு. என் பாதிக்கு சேவக்கு சொன்ன உரம். எது கெலிக்குதுன்னு பாப்போம்."

"நீ தோத்தா உன் ஆடுங்களை வித்துடணும். வரப்பு பூரா மேஞ்சி என் உசிரை வாங்குதுங்க."

"நீ தோத்தா அதுங்களை நீதான் மேய்க்கணும். கோவப்படாம."

"கோவமா? எனக்கா?" அவன் போட்ட கத்தலில் ராஜகிரிக் கோட்டைக் குரங்குகள் குட்டிகளை அணைத்துக்கொண்டன.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ் ஏறும்போது ஞானம்பாள் திரும்பிப் பார்த்தாள். "கொட்டாய்ல என் உர மூட்டை கிடக்குது. வந்து எறைச்சிக்கிறேன். கை வைக்காதே."

சும்மா வந்த மூட்டை. அதிலும், கை வைக்காதே என்று சொன்ன மூட்டை! பஸ் கிளப்பின புழுதி அடங்குமுன் மூட்டை அவிழ்ந்தது. உரமெல்லாம் வாடன் சம்பாவுக்குப் போயிற்று. ஓடை மணல் மூட்டைக்குள் போயிற்று. சுமந்ததில் அவன் இடுப்பும் போயிற்று.

மறுநாள் அவள் மணலை அள்ளி அள்ளி இறைத்தாள். "அங்காளம்மா, நல்லா விளையணும் தாயே!" பச்சைமுத்து துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

வாடன் சம்பா கரும்புக்கொல்லை மாதிரி எழும்பிற்று. அவன் வரப்பில் நின்று போகிற வருகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். கதிர் முற்றுகிற நேரம், ஒரு காற்று, ஒரு மழை. விடிந்து போய்ப் பார்த்தால் அவன் பாதி முழுக்கத் தண்ணீரில் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. குட்டை நெல்லோ போலீஸ்காரன் கணக்காய் விறைத்து நின்றது, கதிரும் கையுமாக.

அவனுக்கும் பக்கத்தில் படுத்துவிடலாம் போல் இருந்தது.

விநாயகம் வந்து உதட்டைப் பிதுக்கினார். "நெட்டை நெல்லுக்கு இந்த உரம் ஏறினா தலை கனத்துச் சாஞ்சிடும். முதல் நாளே அம்மாகிட்ட சொன்னேனே."

"அது கிடக்கட்டும்ங்க. வெறும் மணலைத் துன்னுட்டு அது எப்பிடி நிக்குது?" வாய் தவறி வந்துவிட்டது.

"மணலா? அம்மா ரெண்டு மூட்டை உரம் கேட்டு வாங்கினாங்களே!"

பச்சைமுத்து பெண்டாட்டி பக்கம் பாய்ந்தான். "இன்னாத்துக்குமே ரெண்டு?"

ஞானம்பாள் ஆட்டுக்கோலை அவன் கையில் வைத்தாள்.

"ஒன்னு, பஸ் ஏறுறதுக்கு முந்தியே என் பாதிக்குப் போட்டாச்சி. இன்னொன்னு, நீ திருடுறதுக்கு."