தென்காசி பஸ்ஸில் அப்பா ஜாடை

படித்த பெண்களில் ஒரு வகை உண்டு. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் நாள்கணக்காக யோசிப்பார்கள். செய்து முடித்தபின் வருஷக்கணக்காக யோசிப்பார்கள். செய்கிற அந்த நிமிஷத்தில் மட்டும் மூளை எங்கேயோ கோவிலுக்குப் போயிருக்கும். நான் அந்த வகை. விலங்கியலில் பட்டம் வாங்கிய ஒருத்தி, செத்துப்போன குரங்குக்குட்டியைத் தன் பிள்ளை என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறியதை வேறெப்படி விளக்குவது?

ஆறேழு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது என் மகள் மீனா கைக்குழந்தை. அவளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, இரண்டு மாதம் இருந்து, ஒரு நாள் காலையில் தொட்டிலில் அசையாமல் கிடந்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. டாக்டர் கையை விரித்தார். சின்னப் பிள்ளைக்குக் காரியம் எதுவும் கிடையாது, பெற்றவள் கூடப் போகவும் கூடாது என்றார்கள். என் கணவரும் அவருடைய அண்ணாச்சியும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்; திரும்பி வந்து குளித்தார்கள். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏன் செத்தான் என்று மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன்.

"அவன் போறதுக்குன்னே வந்தவன், கோமு. ஏன்னு கேட்டா மட்டும் திரும்பி வந்திருவானா?" என்றார் அத்தை, அதாவது என் மாமியார்.

அதனால் மீனா பிறந்தபிறகு நான் நானாக இல்லை. ஆறிய வெந்நீரை மறுபடி கொதிக்க வைப்பேன். தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வருவது தெரிந்தும் நம்பாமல் எழுப்பி, அது வீரிட்டு அழுதபிறகு நிம்மதியாகப் படுப்பேன். (வீட்டில் மற்றவர்கள் படுத்தார்களா என்று கேட்காதீர்கள்.) "இவளுக்கு ஏதாவது வேலை பாத்துக் குடுலே. இல்லன்னா பிள்ளைய முழிக்க வச்சே ஒரு வழி பண்ணிருவா" என்று அத்தையே மகனிடம் சொல்லிவிட்டார்.

வேலை தானாக வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசர் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் குற்றாலத்தில் வீடு எடுத்திருந்தார். எது எதற்குப் பேன் பார்க்கிறது, எந்தக் கடுவன் எதை விரட்டுகிறது, எந்தக் குட்டி எந்த மந்தியுடையது என்று உட்கார்ந்து கவனிக்க, விலங்கியல் படித்த ஆள் வேண்டுமாம். தென்காசியில் வாத்தியாராக இருந்த என் கணவரிடம் விசாரித்தார். இவர் என்னைக் கைகாட்டினார். பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் போவேன், மத்தியானம் திரும்புவேன். "வாத்தியார் பொண்டாட்டி குரங்கு மேய்க்கப் போதா" என்றது தெரு.

அந்த வருஷம் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. இவை நோய்க்குரங்குகள், கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று அருவிக்கரைக் கடைக்காரர்கள் மனு எழுதினார்கள். புரொபசருக்கு வேறு சந்தேகம். கொசுவுக்காக அடிக்கிற மருந்து தீனியோடு உள்ளே போகிறது என்று நினைத்தார். "ஒரே ஒரு குட்டியோட உடம்பு கெட்டுப்போகாம கிடைச்சா போதும் கோமதி. ஏன் சாகுதுன்னு தெரிஞ்சுடும். கூண்டும் வராது" என்றார்.

ஏன் என்று தெரிந்துவிடும். இப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த உடம்பை எப்படியாவது கொண்டுசேர்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

சீக்கிரமே பவுனுவின் குட்டி செத்தது. மார்பு முடி பொன்னிறமாக இருந்ததால் அந்த மந்திக்கு நான் வைத்த பெயர் பவுனு. செத்த குட்டியை அவள் விடவில்லை. ஒரு கையில் இடுக்கிக்கொண்டே மரம் ஏறினாள், ஈ ஓட்டினாள், பேன் பார்த்தாள், மடியில் போட்டு அதன் வாயைத் தன் மார்போடு அணைத்தாள். மந்திகள் இப்படிச் செய்வது உண்டு, நாம் குறுக்கிடக் கூடாது, அவளாக விடும்வரை காத்திரு என்றார் புரொபசர். காத்திருந்தேன். (அதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குச் சம்பளம்.)

மறுநாள் காலையில் பவுனு குட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, சிந்திக்கிடந்த கடலையைப் பொறுக்கப் போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனாள். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். புரொபசர் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். தென்காசி கால்நடை டாக்டரிடம் உடனே கொண்டுபோ, அறுத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறார் என்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார்.

டின்னை வைத்துக்கொண்டு யோசித்தேன். கண்டக்டர் என்ன இது என்று கேட்பான், திறக்கச் சொல்வான். அதோடு, குட்டியை மடக்கினால்தான் டின்னுக்குள் போகும். மடக்க எனக்குக் கை வரவில்லை. என் பையில் மீனாவின் பூந்துவாலை இருந்தது. அதில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டால், கைப்பிள்ளைக்காரியை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? என் படிப்பு முழு வீச்சில் வேலை செய்தது இந்த இடத்தில்தான். டின்னைப் பற்றிக் கண்டக்டர் ஒருவன்தான் கேட்பான்; பிள்ளையைப் பற்றிப் பஸ்ஸே கேட்கும் என்பது நினைவுக்கு வரவில்லை.

பஸ்ஸில் கடையத்து ஆச்சி ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இடம் கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு.

"ஆணா பொண்ணா தாயி?"

"பையன், ஆச்சி."

(வீட்டில் இருப்பது பெண். வாயில் அப்படித்தான் வந்தது.)

"எத்தன மாசம்?"

"ரெண்டு."

"ரெண்டு மாசத்துக்கு இத்தினிக்காணு இருக்கானே. பாலு பத்தலையா?"

"நல்லாத்தான் குடிச்சான் ஆச்சி. ராத்திரிகூட நல்லாக் குடிச்சான்."

"மூச்சுச் சத்தமே காணுமே. அசையாம தூங்குதான்."

"தூங்குதான்" என்றேன்.

மேலகரம் வருவதற்குள் துவாலை விலகி ஒரு கால் வெளியே வந்தது. உள்ளே தள்ளிவிடப் பிடித்த ஆச்சி, அதை விடாமல் தடவிப் பார்த்தார்.

"என்னட்டி இது, காலு சில்லுன்னு கெடக்கு. இம்புட்டு முடி வேற இருக்கு?"

"அவங்க அப்பா ஜாடை" என்றேன்.

(என் கணவருக்குக் கை, முதுகெல்லாம் முடிதான். அதற்காகச் சொல்வதா?) அந்த நேரம் பார்த்துப் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வால் நழுவித் தொங்கியது.

கண்டக்டர் குனிந்து பார்த்தான். "வாலும் அப்பா ஜாடைதானாம்மா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சிரிக்காதியடே. ஆஞ்சநேயருல்லா இது. உசுரு போயிருக்கு, பல்லக் காட்டுதிய."

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிச் செருப்பைக் கழற்றினார். வழியில் செத்துக் கிடக்கிற குரங்கையே அடக்கம் செய்யாமல் போகிற ஊர் இல்லை எங்களுடையது. பஸ்ஸிலேயே ஏறி வந்த குரங்கை விடுவார்களா?

"ஆச்சி, டாக்டர் பாக்கணும் இத. ஏன் செத்துதுன்னு தெரியணும்" என்று கெஞ்சினேன்.

"செத்தத டாக்டரு என்ன பாப்பாரு?"

"அறுத்துப் பாப்பாரு." (படித்தவள் இல்லையா, உண்மையைச் சொன்னேன்.)

"பச்ச மண்ண அறுக்கதுக்கா மடியில வச்சுக் கொண்டு போற? நீயும் பெத்தவதானட்டி."

துணிமூட்டையோடு வந்த ராவுத்தர் ஒருவர் கோடித்துணியில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். பக்கத்துத் தோப்பிலிருந்து மண்வெட்டி வந்தது. சாலையோரம் குழி தயாரானதும் ஆச்சி என்னை உட்கார வைத்தார். "கொண்டாந்தவதான் மொத மண்ணு போடணும்."

"பொம்பளைங்க போடக்கூடாதே ஆச்சி."

"அது மனுசருக்கு. குரங்குக்கு என்ன சாஸ்திரம்? போடு."

குழியைப் பார்த்தேன். இவ்வளவு சின்னதாகத்தான் வெட்டுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. குட்டியை மடியைவிட்டு எடுக்க முடியாமல் வாய்விட்டு அழுதேன். "குரங்குக்கு இம்புட்டு அழுத பொம்பளைய நான் கண்டதில்ல" என்றான் கண்டக்டர், கேலி இல்லாமல்.

இதற்குள் சைக்கிளில் தென்காசிக்குப் போன யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்: சார் வீட்டம்மா பஸ்ஸில் வரும்போதே கைப்பிள்ளை தவறிவிட்டது, ரோட்டோரம் குழி வெட்டுகிறார்கள் என்று. வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால் மீனா அத்தை இடுப்பில் பருப்புசாதம் தின்றுகொண்டிருந்திருப்பாள். என் கணவருக்கு அது தோன்றவில்லை. சாக்பீஸ் கையோடு யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னையும் என் மடியில் இருந்த துவாலையையும் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கோமு, இவளுமா?" என்றார்.

ஆச்சிதான் துவாலையை விலக்கி வாலை எடுத்துக் காட்டினார். "உங்க பிள்ள இல்ல தம்பி. குரங்கு."

வாலைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்து, சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் மடியிலிருந்து குட்டியை வாங்கினார். கோடித்துணியில் சுற்றி, ஒரு முனையால் முகத்தை மூடினார். குழிக்குள் கையை விட்டுக் கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டார். அடியில் பொடிமண்ணைத் தூவி, ஒருக்களித்துத் தூங்குகிற மாதிரி படுக்கவைத்தார்.

"கால்பக்கத்துல இருந்து போடு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "தலைப்பக்கம் கடைசியா. மெதுவா."

கடையில் ஒரு தேங்காய் வாங்குவதானாலும் இரண்டு பேரைக் கேட்டுத்தான் வாங்குவார் அவர். இதை யாரையும் கேட்காமல் செய்தார். நான் கேட்காமலே விட்டதற்கெல்லாம் பதில் என் கண்முன்னால் நடந்தது. அவர் சொன்னபடியே கால்பக்கத்திலிருந்து மண்ணைப் போட்டேன்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றார் புரொபசர். பரவாயில்லை என்று விடுகிற காரியமாக அது இல்லை. வேறு உடம்பு கிடைக்கவில்லை. காரணம் தெரியாததால் கடைக்காரர்கள் மனுதான் ஜெயித்தது. அடுத்த சீசனுக்கு முன்னால் கூண்டுகள் வந்தன. குரங்குகளைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள்; மருந்து ஆராய்ச்சிக்குக் கப்பலில் போகிறது என்றார்கள். பவுனுவை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. டின்னில் கொண்டுபோயிருக்கலாமோ என்று இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது யோசிக்கிறேன். மடக்கியிருக்க முடியுமா என்றும் யோசிக்கிறேன்.

வீட்டில் மிஞ்சியது கேலிதான். மீனா மரத்தில் ஏறினால் "அப்பா ஜாடை." கொழுந்தனுக்குப் பிள்ளை பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்த அத்தையே, "வால் இல்லல்லா, அப்ப சரி" என்றார். இந்தக் கதையைச் சொல்வதில் என் கணவர்தான் கெட்டிக்காரர். ஆச்சி மாதிரி பேசுவார், கண்டக்டர் மாதிரி குனிவார், என்னைப் போல விழிப்பார். "வாலப் பாத்த பொறவுதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்று முடிப்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது மீனா அவரை விடவில்லை. "பொறவு அந்தக் குட்டிய என்ன செஞ்சீங்கப்பா?"

"பொறவு என்ன, எல்லாரும் பஸ் ஏறிட்டாவ" என்றார். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து அடுக்களைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்ச் செம்பில் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை.