வீட்டைப் பார்த்து நின்ற பலகைகள்

லூரீன் காபிக் கோப்பையோடு கதவைத் திறந்தபோது, வாசல் புல்லில் ஒரு 'ஆம்' நின்றுகொண்டிருந்தது.

பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. 'டி தீர்மானம்: ஆம்'. கஞ்சாக் கடைக்கு ஊர்வரி போடலாமா என்று நவம்பரில் நடக்கவிருந்த வாக்கெடுப்புக்கான பலகை. ஆல்டர் கோவ் என்ற அந்தக் கடலோரச் சிற்றூரில் எல்லார் வீட்டு முன்னும் அது உண்டு. லூரீன் வீட்டில் மட்டும் இல்லை. ஊரில் உரிமம் பெற்ற ஒரே கஞ்சாக் கடை அவளுடையது. அந்த வரி வந்தால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பலகைகள் தெருவைப் பார்த்து நிற்கும். இது வீட்டைப் பார்த்து நின்றது.

"வெஸ்! இங்க வந்து பாரேன்."

கணவன் பல் துலக்கியபடியே வந்தான். "கோரா வேலையா இருக்கும். வரிக் காசு தீயணைப்புக்குத்தானே போகுது, தலைவர் பொண்டாட்டி சும்மா இருப்பாளா? ஊர் முழுக்க அவதானே நட்டா. புடுங்கிப் போடு."

பிடுங்கி கேரேஜில் போட்டாள். மறுநாள் மூடுபனி விலகியபோது மூன்று நின்றன. மூன்றும் வீட்டைப் பார்த்து.

ஒன்றின் மூலையில் நாய் கடித்த தடம். எதிர்வீட்டு ஹால்வர்சனின் நாய்தான் கண்டதையும் கடிக்கும். லூரீன் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினாள். ஹாலோவீனுக்குச் செதுக்கிய பூசணிக்காய் படியில் வாய் கோணி அழுகிக்கொண்டிருந்தது. கதவு ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது.

"உங்க போர்டு, மிஸ்டர் ஹால்வர்சன். எங்க வீட்டுக்கு நடந்து வந்துடுச்சு."

கிழவர் முகம் வெளுத்தது. தெருவை இருபுறமும் பார்த்தார். "வச்சுக்க மாட்டியாம்மா நீ?"

"நான் எதுக்கு வச்சுக்கணும்?"

அவர் கதவைச் சாத்தித் தாழிட்டார். லூரீன் பலகையை அவர் படியிலேயே சாய்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை, நாய் கடித்த பலகை அவள் வாசற்படிக்கு அருகே நின்றது. முன்பைவிடக் கிட்டத்தில்.

வெஸ் மான் வேட்டைக்கு வைத்திருந்த கேமராவை மரத்தில் கட்டினான். காலையில் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பனி. பனி. ஒரு ரக்கூன். பிறகு மழைக்கோட்டில் ஓர் உருவம். பலகையை ஊன்றிவிட்டு, வீட்டைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நின்றது.

"என்ன லூ, இதுக்கு மூஞ்சியே இல்ல?"

"தொப்பி மறைக்குது."

"மரியாதை பண்ணுதா, சாபம் விடுதா?"

"மரியாதை பண்றவன் எதுக்கு இருட்டுல வர்றான்?"

துணை ஷெரிப் டெல்பர்ட்டைக் கூப்பிட்டார்கள். அவர் இடுப்பில் கைவைத்துப் பலகைகளை நெடுநேரம் பார்த்தார். "இத்தனையா!" என்றார். பூட்ஸ் முனையால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "மண்ணு நல்லா இளக்கமா இருக்கு."

"மண்ண விடுங்க சார். யாரைப் புடிப்பீங்க?"

"போர்டு வைக்கிறது குத்தமில்லம்மா. தைரியமா இருங்க."

மறுநாள் வந்து நின்றது, டெல்பர்ட்டின் சொந்த வேலியில் தொங்கிய பெரிய பலகை. ஆழமாக ஊன்றியிருந்தது.

"போலீஸும் அவங்களோட சேந்தாச்சு," என்றாள் லூரீன்.

ஆத்திரத்தில் புல்வெளி நடுவே 'இல்லை' என்ற தன் பலகையை அறைந்து வைத்தாள். விடிந்ததும் பார்த்தால், அதைச் சுற்றி வட்டமாக 'ஆம்'கள். நெருப்பைச் சுற்றிக் குளிர்காய்பவர்கள் மாதிரி.

ரொட்டி வாங்கப் போனாள். அவள் நுழைந்ததும் மளிகைக் கடையில் பேச்சு நின்றது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்கள். கோரா மட்டும் முட்டை அட்டையோடு நடுவில் நின்று சத்தம் போட்டாள். "இந்த வருஷம் என்ன காத்து அடிக்குதுன்னே தெரியல. இந்தத் தெருவுல ஒரு போர்டும் நிக்க மாட்டேங்குது!"

திரும்பும் வழியில்தான் லூரீன் கவனித்தாள். தெருவில் ஒரு வீட்டு முன்னும் பலகை இல்லை. எல்லாம் அவள் வீட்டுக்கு வந்திருந்தன.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் காலை, படுக்கையறைத் திரையை விலக்கினாள். ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தாற்போல் ஒரு பலகை உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆம்."

அவள் நேராகக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனாள். தபாலில் வந்து, அதன் கதவில் காந்தத்தில் மாட்டியிருந்த தன் வாக்குச்சீட்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

"லூ, என்ன பண்ற? நான் எப்பவோ 'இல்லை'ன்னு போட்டு அனுப்பிட்டேன்."

"அதுங்க உன்னைத் தேடி வரல வெஸ். என்னைத் தேடி வருதுங்க. கேக்குறதக் குடுத்துட்டா போயிடும்."

"நம்ம கடை?"

"என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது?"

'ஆம்' வட்டத்தைக் கருப்பாக்கினாள். உறையில் கையெழுத்துப் போட்டு, ஊர் மன்றத்து வாசலில் இருந்த இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீடு வந்தாள்.

மறுநாள் புதிய பலகை எதுவும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை.

"பாத்தியா?" என்றாள்.

வெஸ் உடம்பு சிலிர்த்ததை மறைக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டான்.

எண்ணி முடிக்க இரண்டு வாரம் ஆனது. தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது.

அன்று மதியம் தபால்காரி ஓபல், தபால் எதுவும் இல்லாமலே வந்தாள். மழைக்கோட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு லூரீனைக் கட்டிப்பிடித்து விசும்பினாள்.

"ஜெயிச்சிருக்க வேண்டியது, கண்ணு. தெரு முழுக்க உனக்குத்தான் போட்டோம். டெல்பர்ட்கூட."

"எனக்கா?" என்றாள் லூரீன்.

"பின்ன? கோரா ஆசையா வந்து நட்டுட்டுப் போற போர்டை வேணாம்னு சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கு? நாளைக்கே வீடு பத்திக்கிட்டா அவ புருஷன்தானே தண்ணி அடிக்க வரணும்! வாயால சொல்ல முடியல. அதான் அவ அசந்த நேரமா ஒவ்வொருத்தரா புடுங்கி உன் வாசல்ல கொண்டாந்து வச்சோம். நீ பாக்கணும்னுதான் வீட்டைப் பாத்து வச்சோம். இந்த வீட்டு ஓட்டு உனக்குத்தான்னு நீ தெரிஞ்சுக்கட்டும்னு."

வெஸ்ஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஜன்னல்ல சாத்தியிருந்தது?"

"அது நான்தான். எனக்கு இவமேல பிரியம் கொஞ்சம் ஜாஸ்தி."

லூரீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஓபல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரேஜ் பக்கம் நடந்தாள்.

"கதவைத் திறம்மா, அந்தப் போர்டையெல்லாம் நான் எடுத்துக்கறேன். எவனோ ஒருத்தன் கடைசி நேரத்துல நம்மளக் கவுத்துட்டான்ல, அவன் யாருன்னு தெரிஞ்சதும் அத்தனையையும் அவன் வாசல்ல கொண்டுபோய் நடப்போறோம்."